மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர்

"வீட்டுல ஒரு கிராஜுவேட் பொண்ணு இருக்குது. இந்த வீட்டுக்கு எதுக்குமா கரெண்ட் பில் உதவி?"

எங்கள் வீட்டு ஓனர் இதை என் அம்மாவிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. நான் இரண்டடி தள்ளி, ஃபிரிட்ஜை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அவர் கையில் அட்டையில் செருகிய ஒரு தாள் இருந்தது. எங்கள் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், உதவிக் குழு ஒன்று உண்டு. அதற்கு அவர்தான் பொருளாளர். கரெண்ட் பில் கட்டத் திணறும் நடுத்தரக் குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு கவரில் பணம் கொடுக்கப் போவதாகக் கோயிலில் அறிவித்திருந்தார்கள். விண்ணப்பித்த வீடுகளை நேரில் பார்த்து முடிவு செய்வார்கள். அதற்காகத்தான் வந்திருந்தார். கூட வந்த பெண்கள் குழு ஆன்ட்டி பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "வாஷிங் மெஷினும் இருக்குது" என்றார். ஓனர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

என் படிப்பைப் பற்றி யார் பேசினாலும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிடும். அன்றைக்கும் பழக்கத்தில், "ஆமாங்க சார், பி.காம்" என்று பாதி சிரித்தபடி சொல்லிவிட்டாள். அது பாராட்டு இல்லை என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அந்தப் பாதிச் சிரிப்பு அவள் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. அவளை அப்படி ஆக்கியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பள்ளிக்கூடத்தில் முழுதாக உட்கார்ந்து எழுந்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா பெயின்ட் அடிப்பவர். அம்மா தையல்காரி. பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை ஃபிராக் தைக்க வேண்டுமென்றால் அம்மாவிடம்தான் வருவார்கள். எனக்குச் சம்பளம் வர ஆரம்பித்த பிறகு ஃபிரிட்ஜ் வந்தது, தவணையில் ஸ்கூட்டர் வந்தது, நாங்கள் நடுத்தரக் குடும்பம் ஆனோம். ஆனதும்தான் தெரிந்தது, ஏழைக்கு உள்ள சலுகையும் கிடையாது, பணக்காரனுக்கு உள்ள நிம்மதியும் கிடையாது என்று.

நாங்கள் இருப்பது ஒரு பழைய பங்களாவின் முன்பகுதியில். வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஓனரின் அப்பா அதை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விட்டார். முன்னால் நாங்கள். நடுவில் ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருக்கும் ஒரு அண்ணன், மனைவி, இரண்டு குழந்தைகள். பின்னால் தனியாக வசிக்கும் டீச்சர் ஆன்ட்டி. மூன்று சமையலறை, மூன்று குளியலறை, மூன்று கேஸ் இணைப்பு. மின்சார மீட்டர் மட்டும் ஒன்று. பங்களா ஒரே வீடாக இருந்தபோது மாட்டிய இணைப்பு அது.

பல வருடங்களாக அது யாருக்கும் உறுத்தவில்லை. பில் வந்ததும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டிவிடுவார்கள். அரசாங்கம் மாதம் இருநூறு யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம் என்று அறிவித்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. ஊரெல்லாம் பூஜ்யம் போட்ட பில்லைக் காட்டிச் சிரித்தது. எங்களுக்கு மட்டும் முழு பில் வந்தது. இருநூறைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் கட்ட வேண்டும். மூன்று அடுப்படி ஓடும் மீட்டர் எப்படித் தாண்டாமல் இருக்கும்?

இங்கேதான் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். மீட்டர் ஏன் ஒன்றாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. யார் வீட்டில் அதிகம் எரிகிறது என்று கேட்க ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மூன்று வீட்டாரும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் சிலுவைப் பாதை நிலையில் நிற்பதுபோல வரிசையாக நிற்போம். நடு வீட்டு அண்ணன் டார்ச் அடித்து எண்ணைப் படிப்பார். பிறகு அவரே விசாரணையை ஆரம்பிப்பார்.

"டீச்சர், உங்க கீசர் காலைல அரை மணி நேரம் ஓடுதே. தனி ஆளு, யானையா குளிக்குது?"

"உங்க வீட்டு டிவியைச் சொல்லுங்க மொதல்ல. நான் நோட்டு திருத்துறது உங்க கார்ட்டூன் சத்தத்துலதான்."

"எல்லாத்தையும் விடுங்க. தையல் மோட்டாரு நாள் முழுக்க ஓடுது. இஸ்திரிப் பெட்டி வேற."

பேச்சு எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் அம்மாவிடம் வந்து நிற்கும். தையல் மோட்டார் எவ்வளவு இழுக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அது சத்தம் போடும். சத்தம் போடுவதுதான் கரெண்டைத் தின்கிறது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். சத்தமில்லாத கீசர் தப்பித்துக்கொண்டது.

இருநூறுக்குள் அடக்கிவிடலாம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஃபிரிட்ஜை இத்தனை மணி நேரம் அணைக்க வேண்டும், கீசர் வாரத்துக்கு மூன்று நாள்தான், இப்படிப் பல விதிகள். அம்மாவுக்கு மட்டும் இரண்டு. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது. அப்பா சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் கரி போட்டுத் தேய்க்கும் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தார். நான் எதிர்த்தேன். "அக்கம்பக்கத்துல பகை வேணாம்டி" என்று அம்மா அடக்கிவிட்டாள். அவளுக்கு மூட்டு வலி உண்டு. நாள் முழுக்க மிதித்துவிட்டு, சாயங்காலம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தானே தைலம் தேய்த்துக்கொள்வாள்.

ஈஸ்டர் முடிந்து புதுநன்மைக்கு நாள் நெருங்கியது. வீட்டுக் கொடியில் பதினான்கு வெள்ளை சாட்டின் ஃபிராக்குகள் தொங்கின. ஒன்றைக் கரிப் பெட்டியால் தேய்க்கும்போது, மூடி இடுக்கிலிருந்து ஒரு பொறி பறந்து மார்புப் பகுதியில் விழுந்தது. சாட்டின் சுருங்கிப் பொத்தல் விழுந்தது. ஒரு மிளகு அளவுதான். அம்மா அதன் மேல் துணி ரோஜா ஒன்றைத் தைத்து மறைக்கப் பார்த்தாள். குழந்தையின் தாய் வந்து பார்த்தார். ரோஜாவைத் தூக்கிப் பார்த்தார். "சர்ச் ஆல்டர்ல நிக்கப் போற டிரஸ்ஸு ஆன்ட்டி இது" என்று மட்டும் சொன்னார். அம்மா புதுத் துணி வாங்கி வேறு ஒன்று தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் இருவர் வந்து தங்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அம்மாவின் கைத்தொழிலில் குற்றம் கண்டு ஒருவர் துணியைத் திரும்ப எடுத்துப் போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

இவ்வளவு செய்தும் அந்த மாதம் மீட்டர் இருநூறைத் தாண்டியது.

அப்போதுதான் கோயிலில் அறிவிப்பு வந்தது. நடு வீட்டு அண்ணன் விண்ணப்பித்தார். அம்மாவும் என்னிடம் சொல்லாமல், யாரையோ பிடித்து எழுதி வாங்கி ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். டீச்சர் ஆன்ட்டி கொடுக்கவில்லை. "என் ஸ்டூடண்ட்ஸோட அப்பா அம்மா முன்னாடி கவர் வாங்கச் சொல்றியா?" என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். ஓனர் வந்தார், பார்த்தார், கேட்டார், குறித்துக்கொண்டு போனார். நடு வீட்டுக்கு உதவி உண்டு. அங்கே படித்த பெண் இல்லை. எங்களுக்கு இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே பில் என்பது அவருக்கு வேடிக்கையாகப் படவில்லை.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வீடுகளுக்கு மின்சாரமும் கேஸும் தரும் ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்களுக்கு இங்கே பெங்களூரில் உட்கார்ந்து பதில் எழுதுகிறவள் நான். பில் கட்ட முடியவில்லை என்று அங்கே ஒருவர் எழுதினால், முதல் வரியில் அவருடைய சிரமம் புரிகிறது என்று எழுத வேண்டும். அதற்கே எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறதா, மகள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்க எங்களுக்கு அனுமதி இல்லை. கேட்டால் வேலை போய்விடும். யாரோ முகம் தெரியாத ஒருவருக்குக் கூசாமல் இருக்க வேண்டும் என்று நான் நாள் முழுக்க வார்த்தை தேடுகிறேன். என் அம்மாவுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க இந்த ஊரில் யாருக்கும் பயிற்சி இல்லை.

அந்தக் கோபத்தில்தான் நான் பில்லை முழுதாகப் படித்தேன். அதுவரை நானும் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்தவள்தான். வீட்டில் எல்லோரும் கன்னடம் சரளமாகப் பேசுவோம். படிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும். பில்லில் ஓனருடைய அப்பாவின் பெயர் இருந்தது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பெயரில் ஒரு குடும்பம், ஒரு வீடு. அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் மூன்று குடும்பங்களும் இல்லவே இல்லை.

ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் படித்தேன். டீச்சர் ஆன்ட்டி வேளாங்கண்ணிக்குப் போயிருந்த இரண்டு நாளில் அவர் வீடு முழுதாக அணைந்திருந்தது. அதில் ஒரு நாள் நடு வீட்டாரும் மாமியார் வீட்டுக்குப் போனதால் எங்கள் வீடு மட்டும் ஓடியது. அன்று அம்மாவை மோட்டாரை மாட்டி, இஸ்திரிப் பெட்டியையும் போடச் சொன்னேன். எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு வீடும் தனியாக இருநூறுக்கு வெகு கீழேதான் வந்தது. மோட்டாரும் இஸ்திரியும் சேர்ந்தும்கூட. தனித்தனி மீட்டர் இருந்தால் மூவரும் இலவசத்துக்குள் வந்துவிடுவோம். அம்மா மிதித்ததும், பொத்தல் விழுந்ததும், துணி திரும்பிப் போனதும் எதற்காகவும் இல்லை.

புது மீட்டருக்கு ஓனரின் கையெழுத்து வேண்டும்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயில் ஹாலில் கவர் கொடுத்தார்கள். மேஜைக்குப் பின்னால் ஓனர். கவர் வாங்குகிறவர் முன்னால் போய் நிற்க வேண்டும், போனில் படம் எடுப்பார்கள், பிறகு டீ, பன். நடு வீட்டு அண்ணன் கவரை வாங்கிக்கொண்டு படத்துக்காகச் சிரித்தார். அவர் நகர்ந்ததும் நான் மேஜைக்குப் போனேன்.

"அங்கிள், எங்களுக்குக் கவர் வேணாம். ஒரு கையெழுத்து குடுங்க."

"என்ன கையெழுத்து?"

"தனி மீட்டருக்கு. மூணு வீட்டுக்கும் மூணு. வந்துடுச்சுன்னா எல்லாருக்கும் இலவசத்துல போயிடும். எங்க காம்பவுண்டுல இருந்து ஒருத்தரும் உங்ககிட்ட கவர் கேட்டு வர மாட்டாங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"அது அவ்வளவு லேசு இல்லமா. டாகுமென்ட்டு எல்லாம் எங்கப்பா பேர்ல இருக்குது. என் தம்பி துபாய்ல இருக்கான். அவனையும் கேக்கணும்."

"பேப்பர் வேலை எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். செலவும் எங்களுது. நீங்க சைன் மட்டும் போடுங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோபமாகப் பேசவில்லை. ஒரு பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் பேசினார். "இன்னைக்கு உங்க பேர்ல மீட்டரு. நாளைக்கு வீடும் எங்களுதுன்னு கோர்ட்டுக்குப் போவீங்க. இந்தத் தெருவுலயே பாத்திருக்கேன்மா நான். வேணும்னா உங்க அம்மாவுக்கும் ஒரு கவர் போடறேன். எழுதிக்கவா?"

அதாவது ஒவ்வொரு மாதமும் ஊர் முன்னால் எங்களுக்குக் கவர் கொடுக்க அவர் தயார். அந்தக் கவரில் இருப்பது கோயில் மக்கள் கொடுக்கும் காணிக்கை. ஒரே ஒரு முறை பேனாவைத் திறக்க மட்டும் தயாரில்லை. அதற்குத்தான் அவர் சொந்தமாக ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். இத்தனை வருடம் எங்களிடம் வாடகை வாங்கியவருக்கு நாங்கள் வீட்டை அபகரிக்க வந்தவர்களாகத் தெரிந்தோம். அதே ஆள் எங்களுக்கு உதவி செய்கிறவர்.

"வேணாம் அங்கிள்" என்றேன்.

பின்னாலிருந்து பெண்கள் குழு ஆன்ட்டி, "குடுக்கறத வாங்கிக்காம என்ன திமிரு பாரு இதுக்கு" என்றார்.

"திமிருதான் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "காலி பண்ணச் சொன்னா எங்கடி போறது? ஆர்டரெல்லாம் இந்தக் கோயில் ஜனங்கதான். கவர் குடுத்தா வாங்கிட்டு வராம வாயைக் குடுத்துட்டு வந்திருக்க." இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவள் பயத்தில் தப்பில்லை. நான் படித்ததற்கான விலையை அவள் தொழிலில் கட்டுகிறேனோ என்று எனக்கே தோன்றியது.

மூன்றாம் நாள் நடு வீட்டு அண்ணனின் மனைவி வந்தார். வாசலிலேயே நின்றார். கையைப் பிசைந்தபடி சொன்னார்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. சிக்கனமா இருக்கற வீட்டுக்குத்தான் அடுத்த மாசமும் கவருன்னு சொல்லிட்டாங்க. பில் ஏறிச்சுன்னா எங்களுக்கு நின்னுடும். நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தத் தையலையே நிறுத்தி வச்சா நல்லா இருக்கும். உங்க பொண்ணுதான் சம்பாதிக்குதே."

அம்மா நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள். "சரிம்மா, நீ போ" என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"இனிமே ஊசில நூல் கோக்கறதுக்கும் இவங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமா? தனி மீட்டருக்கு எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

ஓனர் கையெழுத்து இல்லாமல் வழி உண்டா என்று கேட்க மின்சார அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஜன்னலில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஓனர் சைன் எல்லி மேடம்?" என்று கன்னடத்தில் கையெழுத்தைக் கேட்டுத் திருப்பித் தள்ளினார். இரண்டாம் முறை நான் கன்னடத்தில் எழுதியே எடுத்துப் போனேன். எத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம், எத்தனை குடும்பம், ஒரே மீட்டரால் என்ன நடக்கிறது என்று எல்லாம். அவர் முழுதும் படித்தார். உள்ளே போய் அதிகாரியிடம் கேட்டு வந்தார். வாடகை ஒப்பந்தம், முகவரிச் சான்று, பிறகு வீட்டின் மேல் எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று நோட்டரி முன்னால் எழுதிய பத்திரம், இவற்றோடு வந்தால் மனுவை வாங்கிக்கொள்வோம், இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றார். கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைக்காது என்றும் சொல்லவில்லை.

அந்தப் பத்திரத்தின் வாசகத்தை நானே எழுதினேன். ஓனர் எதற்குப் பயப்படுகிறாரோ அது ஒருநாளும் நடக்காது என்று அவருக்காக நாங்கள் எழுதிக் கொடுத்தோம். டீச்சர் ஆன்ட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பிழை திருத்தினார். "எனக்கும் ஒண்ணு எழுது" என்றார். நடு வீட்டு அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "குழந்தைங்க இருக்குது, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரைச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள வைத்தவர்கள்மேல் இருக்கும் கோபத்தில் அது பாதிகூட இல்லை.

நேற்று அம்மா, நான், டீச்சர் ஆன்ட்டி மூவரும் போய் இரண்டு மனுக்களைக் கொடுத்தோம். ஜன்னலில் இருந்தவர் அம்மாவைப் பார்த்ததும் கைநாட்டு வைக்க மை டப்பாவை நகர்த்தினார். அம்மா அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளிவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரைத் தமிழில் எழுதினாள். வேறெதுவும் எழுதத் தெரியாது. அதை நன்றாக எழுதுவாள். அவர் தேதி போட்டு முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். வியாழக்கிழமை இடம் பார்க்க ஆள் வரும், ஓனருக்கும் தகவல் போகும் என்றார்.

அங்கிருந்தே ஆபீஸுக்குப் போன் செய்து வியாழனுக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆனால் ஓனருக்கு யாரோ ஒரு சிப்பந்தி மூலம் இது தெரிய வேண்டாம் என்று பட்டது. முதுகுக்குப் பின்னால் காரியம் செய்தவள் என்ற பெயரை அவரிடம் வாங்க எனக்கு விருப்பமில்லை. அம்மாவையும் ஆன்ட்டியையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பத்திரத்துக்கும் மனுவுக்கும் நகல் எடுத்தேன். நேராக அவர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தேன்.